கழித்த வேலியும் கொடுத்த கையும்



உங்கள் வீட்டின் பின்புறத்தை ஒருமுறை எட்டிப் பாருங்கள். மதிலோரம் சாய்த்து வைத்த கல்தூண்கள் நான்கைந்து இருக்கும். அவற்றின் காலடியில் துருவேறிய முள்கம்பி ஒரு சுருள் கிடக்கும். கிணற்றடியில், கறையான் பாதி தின்ற சவுக்குக் கழிகளும், கீல் கழன்ற இரும்புப் படல் ஒன்றும் காணப்படலாம். தோட்டத்தைச் சுற்றி வேலி இருந்த காலத்தின் மிச்சங்கள் இவை. மதில் எழுந்தது, வேலி அவிழ்ந்தது. "கிடக்கட்டும், யாருக்காவது கொடுத்துவிடலாம்" என்று அன்று சொன்னோம். சொல்லி ஆண்டுகள் சில ஆகியிருக்கும்.

அந்த 'யாருக்காவது' என்பவர் யார்? 'கொடுத்துவிடலாம்' என்றோமே, அது எப்படி? இவ்விரண்டையும் பற்றித்தான் உங்களோடு பேச விரும்புகிறேன். அறிவுரை கூறும் தகுதி எனக்கு இல்லை. இவ்விஷயத்தில் தவறு செய்து திருந்தியவன் என்ற முறையிலேயே எழுதுகிறேன்.

நான் வளர்ந்ததும் வாழ்வதும் வண்டலூரில். 1985ஆம் ஆண்டு அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா சென்னை நகருக்குள்ளிருந்து இங்கு வந்து, ஏறக்குறைய 600 ஹெக்டேர் காட்டுப் பரப்பில் விரிந்தபோது, இவ்வூர் இன்னும் கிராமமாகவே இருந்தது. ஒரு மனை வாங்கியவர் முதலில் செய்வது நான்கு பக்கமும் கல்தூண் நட்டு, நான்கு வரிசை முள்கம்பி இழுப்பதுதான். உள்ளே ஒரு முருங்கை, இரண்டு வாழை, ஒரு கறிவேப்பிலை. அடுத்த மனைக்காரர் வேலியின் ஊடே கைநீட்டி முருங்கைக் கீரை பறித்துக்கொள்வார். நாம் அவரிடம் மருதாணி பறித்துக்கொள்வோம்.

2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மூழ்கடித்தது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் வீசி, பூங்காவில் மட்டும் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. எங்கள் தெருவில் வேலிகள் மரங்களோடு சேர்ந்து படுத்துவிட்டன. 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறக்கப்பட்டது; மனை விலை ஏறியது; விலை ஏறிய மனைக்கு வேலி போதாதென்று தோன்றிவிட்டது. இப்போது எங்கு நோக்கினும் மதில்தான். பூங்காவில் சிங்கத்துக்கும் நமக்கும் நடுவே இருப்பது ஓர் அகழி. எங்கள் தெருவில் மனிதருக்கும் மனிதருக்கும் நடுவே ஏழடிச் சுவர்! மழைநீர் வேலியின் ஊடே ஓடிவிடும். மதிலில் முட்டி அடுத்தவர் வாசலில் நிற்கும். அதை இன்னொரு சமயம் பேசலாம்.

2024இல் நானும் மதில் கட்டினேன். தந்தையார் மூன்று பக்கமும் போட்டிருந்த வேலியில் இருபத்து நான்கு கல்தூண்கள் இருந்தன. கம்பி எழுநூறு அடிக்கு மேல். ஆட்கள் அவிழ்த்துக் குவித்தபோது, நெடுங்குன்றம் பக்கத்தில் குத்தகை நிலத்தில் கீரை போடும் ஒரு மூதாட்டியின் நினைவு வந்தது. எங்கள் தெருவுக்குப் பல ஆண்டுகளாகக் கீரை கொண்டு வருபவர். "மாடு வந்து மேய்ஞ்சிடுது, பாய், ராத்திரியெல்லாம் கண் முழிச்சுக் காக்க வேண்டியிருக்கு" என்று அடிக்கடி சொல்வார். அவரை அழைத்து, "அம்மா, கம்பி முழுவதும் எடுத்துக்கொள்ளுங்கள், காசு வேண்டாம்" என்றேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது என்பதை மறைக்கவில்லை.

தூண்களை நான் கொடுக்கவில்லை. கல்தூணுக்கு விலை உண்டு என்று மேஸ்திரி சொல்லியிருந்தார். கம்பிக்குப் பழைய இரும்புக்கடைக்காரர் சொன்ன தொகையோ அற்பம். ஆகவே, விலைபோகும் பொருள் என்னிடம் இருந்தது. விலைபோகாத பொருள் தர்மமாயிற்று. இந்தக் கணக்கை நான் வாய்விட்டுப் போடவில்லை. மனம் தானாகவே போட்டுக்கொண்டது.

மறுநாள் காலை மதரஸாவில் சிறுவர்களுக்கு 'அல்-மாஊன்' அத்தியாயம் நடத்தினேன். திருக்குர்ஆனின் 107ஆம் அத்தியாயம் அது. ஏழே வசனங்கள். தொழுகையில் அசட்டையாக இருப்போரையும் பிறர் காணத் தொழுவோரையும் கண்டித்துவிட்டு, அற்பமான உதவியையும் மறுப்போரோடு அது முடிகிறது. 'மாஊன்' என்பதற்குப் பானை, வாளி, கோடரி போன்ற அன்றாடப் புழங்குபொருள்கள் என்று விரிவுரையாளர்கள் பொருள் கூறியிருக்கிறார்கள். அண்டை வீட்டார் கேட்டால் மறுக்கக் கூடாத பொருள்கள். "வேலிக் கம்பியும் மாஊன்தானே, ஹஜ்ரத்?" என்று ஒரு மாணவன் கேட்டான். என் வீட்டு வாசலில் கம்பி ஏற்றியதை அவன் பார்த்திருக்கிறான். "ஆம்" என்றேன், புன்னகையோடு.

நான்காம் நாள் அஸருக்குப் பின், அந்த அம்மையார் மீன்பாடி வண்டியில் கம்பிச் சுருளோடு என் வாசலில் நின்றார்.

"கோவிச்சுக்காதீங்க பாய். முறுக்கினாலே ஒடிஞ்சுபோகுது. எடுத்துக் கட்டுறப்ப என் பேரனுக்குக் கையில கிழிச்சுடுச்சு. ஆஸ்பத்திரியில ஊசி போட்டுக்கிட்டு வந்தோம். நடு வழியில போட்டா யார் காலையாவது குத்தும். அதான் இங்கயே கொண்டாந்துட்டேன்."

கொண்டு போனதற்கு ஒரு வாடகை. திருப்பிக் கொண்டு வந்ததற்கு ஒரு வாடகை. இரண்டும் அவருடையவை. மருத்துவமனைக்குப் போன பொழுதில் ஒரு நாள் கீரை விற்கவில்லை. நான் கொடுத்த தர்மத்துக்கு அவர் கட்டிய விலை இது.

பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதும் தர்மமே என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பொன்மொழி. நம் பிள்ளைகள் நான்கு வயதில் மனனம் செய்வது. கீரைக்கார அம்மையார் அதைக் கேட்டிருக்க வழியில்லை. ஆனாலும் அதன்படி நடந்தவர் அவர். அதைப் பாடமாக நடத்தும் நானோ, என் வீட்டு இடையூறை அவர் பாதைக்கு அகற்றியிருந்தேன்.

அன்றிரவு அல்-பகரா அத்தியாயத்தின் 267ஆம் வசனத்தை எடுத்து வைத்துக்கொண்டு அமர்ந்தேன். நமக்கே ஒருவர் கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டுதான் வாங்குவோம் என்கிற மட்டமான பொருளைத் தேடி எடுத்துத் தானம் செய்யாதீர்கள் என்பது அதன் கருத்து. அது அருளப்பட்ட சூழலைப் பராஉ இப்னு ஆஸிப் (ரலி) அவர்கள் விவரித்திருக்கிறார்கள். மதீனாவில் பேரீச்சை அறுவடையாகும் காலத்தில், தோட்டக்காரர்கள் குலைகளைக் கொண்டுவந்து பள்ளிவாசலில் தொங்கவிடுவர். பள்ளித் திண்ணையில் தங்கியிருந்த ஏழைத் தோழர்கள் பசித்தபோது கழியால் தட்டி உண்பர். சிலர் வற்றிய, சொத்தையான குலைகளையும் அங்கே தொங்கவிட்டார்களாம். குலை தொங்கியது உண்மை. கொடுத்தோம் என்ற பெயர் கிடைத்ததும் உண்மை. உண்பவனுக்குத்தான் ஒன்றும் கிடைக்கவில்லை. என் முள்கம்பிச் சுருள் அந்தச் சொத்தைக் குலை என்பது அப்போது விளங்கியது.

அப்படியானால் பழையதைக் கொடுக்கவே கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். அவ்வாறு யாரும் சொல்லவில்லை. மைமூனா (ரலி) அவர்களின் விடுதலை பெற்ற பணிப்பெண்ணுக்குத் தர்மமாகக் கிடைத்த ஆடு ஒன்று செத்துவிட்டது. அதைக் கண்ட நபிகளார் (ஸல்), அதன் தோலைப் பயன்படுத்திக்கொள்ளலாகாதா என்று கேட்டார்கள். செத்த ஆடாயிற்றே என்றபோது, உண்பதுதான் தடை என்று விளக்கினார்கள். இதை அறிவிப்பவர் இப்னு அப்பாஸ் (ரலி). பதனிட்டால் தோல் தூய்மையாகிவிடும் என்பது நம் சட்ட நூல்கள் கூறுவது. வாணியம்பாடி, ஆம்பூர்ச் சகோதரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. தோல் தொழிற்சாலையால் பெயர் பெற்ற குரோம்பேட்டை எங்களுக்கு அடுத்தாற்போல்தான் இருக்கிறது. கவனியுங்கள்: தோல் பயன்பட வேண்டுமானால் பதனிடுதல் என்றோர் உழைப்பு நடுவில் இருக்கிறது. பழைய வேலிக்கும் அந்தப் பதனிடும் வேலை உண்டு. அதைச் செய்ய வேண்டியவர் வாங்குபவரா, கொடுப்பவரா? நான் அதை வாங்குபவர் தலையில் கட்டியிருந்தேன்.

மறுநாள் அந்த அம்மையாரின் நிலத்துக்கு நேரில் போனேன். முதலிலேயே செய்திருக்க வேண்டிய காரியம். மாடு நுழைவது வாய்க்கால் பக்கத்தில் மட்டும்தான். மற்ற பக்கங்களில் கள்ளியும் நொச்சியும் அடர்ந்து உயிர்வேலியாக நிற்கின்றன. அவருக்குத் தேவை எழுநூறு அடிக் கம்பி அன்று. ஏறத்தாழ நூறடி நீளத்துக்குப் பதினான்கு தூண்கள். நான் விலைக்கென்று ஒதுக்கி வைத்த அதே தூண்கள்.

கல்தூண் பழசாவதில்லை, சகோதரர்களே. பல்லாவரம் குன்றுகளின் பாறைக்குப் புவியியலார் 'சார்னோகைட்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறைக்கல் இவ்வகையைச் சேர்ந்தது என்று கண்ட தாமஸ் ஹாலண்டு என்ற அறிஞர், 1893இல் அந்தப் பெயரைச் சூட்டினார். உலகெங்கும் இவ்வகைக் கல்லுக்கு இன்று அதுவே பெயர். நம் பக்கத்துக் குன்றுகள் கோடிக்கணக்கான ஆண்டுகள் பழமையானவை. என் தந்தையார் நட்டு முப்பதாண்டு ஆனதால் அந்தக் கல்லுக்கு மூப்பு வந்துவிடுமா? தூண் பழசில்லை, அதன் அடியில் ஒட்டியிருந்த சிமெண்டுக் கட்டிதான் பழசு. அதைக் கொத்தி எடுக்காமல் கொடுத்தால், வாங்குபவர் இரண்டு மடங்கு அகலத்தில் குழி தோண்ட வேண்டும். ஏழடி உயரமும் ஐந்து அங்குலச் சதுரமும் உள்ள ஒரு தூண் ஏறக்குறைய 90 கிலோ கனக்கும். மீன்பாடி வண்டியில் இரண்டு ஏற்றினாலே அதிகம். 'குட்டி யானை' வண்டி பிடித்தேன், வாடகை என்னுடையது. முன்பு அவர் கட்டிய இரண்டு வாடகைகளையும் கொடுக்கப்போனபோது வாங்க மறுத்தார். பேரனுக்குப் பழம் வாங்கித் தருவதாகச் சொல்லி வற்புறுத்தியே கொடுக்க முடிந்தது.

கம்பியை என்ன செய்தேன் என்கிறீர்களா? வளைத்துப் பார்த்தேன். நிமிர்த்தி, மீண்டும் வளைத்தால் ஒடிவது கம்பியாகாது, ஆக்கர் சரக்கு. ஒடியாதது எழுநூறு அடியில் இருநூறடிகூடத் தேறவில்லை. தேறியதை இரண்டு முழ விட்டத்துக்குச் சுற்றி, நான்கு இடங்களில் கட்டுக்கம்பியால் கட்டி, முனைகளை உள்ளே மடக்கிக் கொடுத்தேன். மீதி காயலான் கடைக்குப் போயிற்று.

'காயலான் கடை' என்று சென்னைவாசிகள் சொல்லும்போது இழிவாகச் சொல்வதுண்டு. காயல்பட்டினத்து முஸ்லிம்கள் நடத்திய பழம்பொருள் கடைகளால் அந்தப் பெயர் வந்தது என்பர். கழித்ததை எடைபோட்டு வாங்கி, தரம் பிரித்து, உருக்கு உலைக்கும் தேவைப்படுவோர்க்கும் சேர்ப்பித்த நேர்மையான தொழில் அது. ஒடிந்த கம்பிக்கு உரிய இடம் அதுதான். ஏழையின் தோட்டம் அன்று. அங்கே கிடைத்த காசைக் கீரைத் தோட்டத்துக்குப் புதுக் கம்பி வாங்குவதில் சேர்த்துவிட்டேன். போதவில்லை, கையிலிருந்தும் போட்டேன்.

தூக்கி எறிவதற்கும் பயன்படுத்துவதற்கும் நடுவே எத்தனை வழிகள் உண்டென்பதற்கு இலண்டன் நகரில் ஒரு வேடிக்கையான சான்று இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது ஆயுதத்துக்கு இரும்பு வேண்டுமென்று அங்கே பூங்காக்களின், வீடுகளின் கம்பி வேலிகளை அறுத்தெடுத்தார்கள். குண்டுவீச்சில் காயமுற்றோரைத் தூக்குவதற்காக இரும்புக் குழாயும் வலையும் கொண்ட தூக்குப் படுக்கைகளையும் ஏராளமாகச் செய்துவைத்தார்கள். போர் முடிந்தது. படுக்கைகள் மிஞ்சின. அவற்றையே நிமிர்த்தி நட்டு, தென் இலண்டன் குடியிருப்புகளுக்கு வேலியாக்கினர். தரையில் வைப்பதற்காக வளைத்திருந்த கால்கள்கூட அப்படியே தெரிய, சில இடங்களில் இன்னும் அவை நிற்கின்றன. நம் பாரி வள்ளலும் முல்லைக்கொடி பற்றிப் படரத் தேரையே நிறுத்திவிட்டுப் போனவன்தானே! ஆனால் அவன் கொடுத்தது ஓடுகிற தேர். அச்சு முறிந்த தேரை விட்டுப் போயிருந்தால் அவன் பெயர் இந்நாள்வரை நின்றிருக்குமா என்பது ஐயமே.

இந்த அனுபவத்தை நண்பர்களிடம் சொன்னதிலிருந்து பலர் ஐயம் கேட்கத் தொடங்கிவிட்டனர். சிலவற்றை இங்கே சொல்வது பயன்படும்.

மிகுதியாகக் கேட்கப்படுவது ஜகாத் பற்றி. பழைய வேலிச் சாமானின் மதிப்பை ஜகாத்தில் கழித்துக்கொள்ளலாமா என்கிறார்கள். ரொக்கத்துக்குரிய ஜகாத்தை ரொக்கமாகவே கொடுக்க வேண்டுமென்பது ஷாஃபி மத்ஹபின் நிலை. ஹனஃபிகள் மதிப்புக்கு ஈடாகப் பொருள் கொடுப்பதை அனுமதிக்கின்றனர். ஆனால் இன்றைய சந்தை மதிப்பே கணக்கு. நீங்கள் வாங்கியபோது கொடுத்த விலை கணக்கில் வராது. துருப்பிடித்த கம்பிக்கு இன்றைய மதிப்பு என்னவென்று மேலே சொல்லிவிட்டேன். வீட்டில் கழிந்ததைக் கொண்டு கடமையைக் கழிக்க நினையாதிருப்பதே நல்லது. உபரியான தர்மமாகக் கொடுங்கள். அதை மாற்றுச் சமய அண்டை வீட்டாருக்கும் தாராளமாகக் கொடுக்கலாம்.

இன்னொரு கேள்வி முக்கியமானது. ஒரு ஜமாஅத்தில் மையவாடியின் முள்வேலியை எடுத்துவிட்டு மதில் கட்டினார்கள். இறங்கிய தூண்களையும் கம்பியையும் ஊரில் வீடில்லாத ஒரு கைம்பெண்ணுக்கு இலவசமாகக் கொடுத்துவிடலாமா என்று நிர்வாகிகள் கேட்டார்கள். நல்லெண்ணம்தான். ஆனால் மையவாடி வக்ஃபு. அதன் வேலி நம்முடையதன்று. 'ஹிதாயா' முதலான ஹனஃபி நூல்களின் தீர்ப்பு தெளிவானது: வக்ஃபிலிருந்து இறங்கிய பொருளை அதே வக்ஃபின் கட்டுமானத்துக்குப் பயன்படுத்த வேண்டும், இப்போது தேவையில்லையெனில் தேவை வரும்வரை பாதுகாக்க வேண்டும், அதற்கும் வழியில்லையெனில் விற்று, தொகையை அதன் பராமரிப்பில் செலவிட வேண்டும். ஆகவே நிர்வாகிகளில் இருவர் தங்கள் சொந்தப் பணத்தில் நியாய விலைக்கு அத்தூண்களை வாங்கி அந்தப் பெண்மணிக்குக் கொடுத்தனர். தொகை மையவாடிக் கணக்கில் ஏறியது, ரசீதும் போடப்பட்டது.

தனி வீட்டு வேலியிலும் இதே எச்சரிக்கை வேண்டும். எல்லைக்கோட்டில் நிற்கும் வேலி பெரும்பாலும் இருவர் செலவில் போட்டது. அல்லது பாட்டனார் காலத்தில் யார் போட்டதென்றே தெரியாதது. பக்கத்து வீட்டாரின் மரத்துண்டைத் தன் சுவரில் பதிக்க ஒருவர் மறுக்க வேண்டாம் என்ற நபிமொழியை அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். தன் சுவரிலேயே அண்டை வீட்டாருக்கு அந்த அளவு இடம் இருக்கும்போது, பொதுவேலியை அவரைக் கேளாமல் அவிழ்த்துத் தானம் செய்வது எங்ஙனம்?

சில பொருள்களைக் கொடுக்கவே வேண்டாம். ஓட்டுக் கூரையிலிருந்து இறங்கி, வேலி மறைப்பாக நிற்கும் ஆஸ்பெஸ்டாஸ் தகடுகள் எங்கள் பக்கத்தில் ஏராளம். அவற்றை உடைத்தாலும் அறுத்தாலும் கிளம்பும் நுண்ணிழைத் தூசி நுரையீரலில் தங்கிப் புற்றுநோய் விளைவிக்கும். கறையான் ஏறிய கழியைக் கொடுத்தால் கழியோடு கறையானையும் கொடுக்கிறோம். தார் பூசிய மரத்தைக் கொடுத்தால், அடுப்பில் வைக்கக் கூடாதென்று வாய்விட்டுச் சொல்லியே கொடுக்க வேண்டும். ஏழை வீட்டில் கழி முதலில் வேலியாகவும் கடைசியில் விறகாகவும் ஆகும். இரணஜன்னியைப் பற்றியும் ஒரு சொல்: அந்தக் கிருமி துருவில் பிறப்பதன்று, மண்ணிலும் சாணத்திலும் இருப்பது. மண்ணில் கிடந்த கம்பி ஆழமாகக் குத்தும்போது உள்ளே புகுகிறது. வேலி அவிழ்ப்பவரும் கட்டுபவரும் பத்தாண்டுக்குள் தடுப்பூசி போட்டிருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்வது நன்று. கெட்டியான கையுறை ஒரு ஜோடியைக் கம்பியோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.

வாங்கிக்கொள்பவரிடம் குறையை மறைக்காமல் சொல்வதும் கொடுப்பவர் கடமையே. விற்கும் சரக்கின் குறையை மறைப்பது தகாது என்று வணிகருக்குச் சொல்கிறோம். இலவசம் என்றவுடன் அந்தப் பொறுப்பு நீங்கிவிடுவதாக நினைக்கிறோம். விலைக்கு வாங்கியவர் திரும்பி வந்து சண்டை போடுவார். இலவசமாகப் பெற்றவரால் அதுவும் இயலாது. எல்லோரும் அந்த அம்மையாரைப் போல் வண்டி வைத்துத் திருப்பிக் கொண்டுவர மாட்டார்கள், வாய்மூடித் தாங்கிக்கொள்வார்கள்.

அவருடைய வாய்க்கால் பக்கத்து வேலி இப்போது நிற்கிறது. தூண்களை ஒட்டி ஆடாதோடையும் கலாச்செடியும் நட்டிருக்கிறார். செடி பிடித்துக்கொண்டால் கம்பி தேவைப்படாது என்பது அவர் கணக்கு. "அப்ப இந்தக் கம்பியை வேற யாருக்காவது குடுத்துடலாம், பாய்" என்றார் சென்ற வாரம். எண்ணெய் தடவி வைத்திருக்கிறாராம், துரு ஏறாமல் இருக்க.

என்னிடம் மீதமிருந்த பத்துத் தூண்களில் எட்டு, கொளப்பாக்கத்தில் ஆடு வளர்க்கும் ஒருவருக்குப் போய்விட்டன. இரண்டை ஊரப்பாக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார், அவரைக்கொடிப் பந்தலுக்காம். வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் வண்டி வரும். அதற்குள் அவற்றின் அடியிலுள்ள சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட வேண்டும்.